கர்ப்பம் தெரியாமல் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால்: பதினெட்டு நாள் அலைச்சலில் தெரிந்துகொண்டவை

வலி வந்தது ராத்திரி பதினொரு மணிக்கு. முதுகில் ஆரம்பித்து இடது விலாவைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கியது. பெங்களூரு அல்சூரில் அந்த நேரத்துக்கு வாசலிலேயே ஆட்டோ கிடைத்ததுதான் அன்றைய ஒரே அதிர்ஷ்டம். தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் ஊசி போட்டுவிட்டு, "கிட்னி கல்லாத்தான் இருக்கும், ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்கள். மேசையில் படுத்த பிறகுதான் டெக்னீஷியன், "ப்ரெக்னென்ட் ஏனாத்ரூ இத்தீரா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பொய்யில்லை. மாதவிலக்கு வந்து அன்று 25-ஆம் நாள். அடுத்தது வர இன்னும் நான்கு நாள் இருந்தது. 4 மி.மீ. கல், தானாகப் போய்விடும் என்றார்கள், போயும்விட்டது. பில் 4,200 ரூபாய். ஒன்பது நாள் கழித்து வீட்டில் கிட் வைத்துப் பார்த்தால் இரண்டு கோடு.

மறுநாள் பார்த்த டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "முதல் மூணு மாசத்துல வயித்துக்கு சி.டி.யா? ரிஸ்க் எடுக்காதீங்க, கலைச்சிடுங்க. ஒன்பது வாரம் தாண்டிட்டா மாத்திரை கொடுக்க முடியாது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார். மூன்று நிமிடம், 900 ரூபாய். எத்தனை கதிர்வீச்சு, எந்த நாளில் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா போனில் அழுதாள். கீழ்வீட்டு அக்கா, "ஊனமா பொறந்தா காலம் பூரா யாரு பாக்கறது?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் இரவெல்லாம் வயிற்றில் கைவைத்துக்கொண்டு படுத்திருந்தேன். "இல்ல" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"ரேடியேஷன் பட்டுவிட்டது" என்று சொல்வதில் தகவலே இல்லை. உடம்பின் எந்தப் பகுதி, எத்தனை தடவை, எந்த நாள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். கருவுக்குப் போகும் அளவை மில்லிகிரே என்ற அலகில் சொல்வார்கள். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது அதிகபட்சம் 0.01 மில்லிகிரே. கை, கால், பல் எக்ஸ்ரேக்களில் கணக்கில் வராத அளவு. தலைக்கு எடுக்கும் சி.டி.யிலும் 0.01-ஐத் தாண்டாது, ஏனென்றால் கதிர்க்கற்றை கருப்பைக்கு அருகிலேயே வருவதில்லை. நுரையீரல் ரத்தக்கட்டிக்காக எடுக்கும் மார்பு சி.டி.கூட ஒரு மில்லிகிரேக்குக் கீழேதான். வயிற்று எக்ஸ்ரே 0.1 முதல் 3, இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரே 1 முதல் 10. வயிற்று சி.டி. 1.3 முதல் 35, இடுப்புக்கூட்டு சி.டி. 10 முதல் 50. இவை அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2017-இல் கொடுத்த வழிகாட்டலில் உள்ள அளவுகள். ஸ்கேனே எடுக்காத ஒரு கருவுக்கும் மண், காற்று, சாப்பாடு வழியாக ஒன்பது மாதத்தில் 0.5 முதல் 1 மில்லிகிரே வந்து சேர்கிறது. ஆகவே பல் எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கலைப்பதா வேண்டாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். வயிறும் இடுப்பும் நேராகக் கற்றைக்குள் வந்த பரிசோதனைகளுக்குத்தான் கணக்கு பார்க்க வேண்டும். என்னுடையது அந்த வகை.

அடுத்து நாள் கணக்கு. இதில் டாக்டர்களே சறுக்குவதைப் பார்த்தேன். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கரு உருவாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. கதிர்வீச்சு நூல்கள் சொல்லும் வாரமோ கரு உருவான நாளிலிருந்து எண்ணுவது. இரண்டையும் குழப்பினால் ஆபத்துக் கட்டமே மாறிவிடும். நான் டாக்டரைப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஐந்து வாரம், ஆனால் சி.டி. எடுத்த அன்று கருவுக்கு வயது சுமார் பத்து நாள். முதல் இரண்டு வாரத்தில் கரு ஒரு சிறு செல் கூட்டம். அப்போது பெரிய அளவு பட்டால் அது தங்காமல் போகலாம்; தங்கிவிட்டால் குறையில்லாமல் வளரும். அதற்கே 50 முதல் 100 மில்லிகிரே தேவை. உறுப்புகள் உருவாகும் 2 முதல் 8 வாரத்தில் ஊனம் வரவேண்டுமானால் 200 மில்லிகிரே அளவில் பட வேண்டும். மூளை வளர்ச்சிக்கு மிகவும் கவனிக்க வேண்டிய காலம் 8 முதல் 15 வாரம். அங்கேயும் கடுமையான பாதிப்பு தென்பட்டது 60 மில்லிகிரேக்கு மேல்தான். ஒரு தடவை எடுக்கும் சாதாரண சி.டி. இந்த அளவுகளைத் தொடுவது அபூர்வம்.

சரி, என் அளவு என்ன? ரிப்போர்ட்டில் இல்லை, ஃபிலிமிலும் இல்லை. சி.டி. மெஷின் ஒவ்வொரு பரிசோதனை முடிவிலும் ஒரு டோஸ் பக்கத்தைத் தானாகவே எழுதிவைக்கிறது. படங்களின் வரிசையில் கடைசியில் ஒரு கறுப்புப் பக்கமாக, வெறும் எண்களாக இருக்கும். ஸ்கேன் சென்டரில் படங்கள் பதிந்த குறுந்தட்டு கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு 300 ரூபாய் வாங்கினார்கள், அதுவும் இரண்டு தடவை நடையாய் நடந்த பிறகு. முதல் நாள் "அதெல்லாம் பேஷண்ட்டுக்குக் கொடுக்கறதில்ல" என்றார் கவுண்டரில் இருந்தவர். "டோஸ் ரிப்போர்ட் பக்கத்தோட முழு டைகாம் வேணும்" என்று எழுதிக் கொடுத்துக் கேட்டால் பேச்சு மாறுகிறது (டைகாம் என்பது படங்களின் மூலக் கோப்பு). தட்டில் வரும் மென்பொருளிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.

திறந்தேன். டி.எல்.பி. 320 என்று இருந்தது. 100-ஐத் தாண்டினால் ஆபத்து என்று எங்கோ படித்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு 320-ஐப் பார்த்தவளின் நிலைமையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரை எழுப்பி, "நாளைக்கே போய் மாத்திரை வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: டி.எல்.பி. என்பது கருவின் அளவு இல்லை. ஒவ்வொரு துண்டிலும் பட்ட அளவை ஸ்கேன் எடுத்த நீளத்தால் பெருக்கியது. நான் பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது, சி.டி.டி.ஐ. வால், அதாவது ஒவ்வொரு துண்டிலும் பட்ட அளவு, 7.1 மில்லிகிரே. 45 செ.மீ. நீளத்துக்கு எடுத்திருக்கிறார்கள், 7.1 பெருக்கல் 45, அதுதான் அந்த 320. கருப்பை இருப்பது அந்த நீளத்தின் ஒரு சிறு பகுதியில், அதற்குப் பட்டது 7.1-ஐ ஒட்டிய அளவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: டை (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போட்டு எடுக்கும் சி.டி.யில் அதே வயிற்றை இரண்டு, மூன்று, நான்கு சுற்றுகூட எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி இருக்கும், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கல்லுக்கு டை இல்லாமல் ஒரே சுற்றுதான்.

அந்த 7.1-ஐயும் அப்படியே எடுக்கக் கூடாது என்பதைச் சொன்னவர் ஒரு மெடிக்கல் ஃபிசிசிஸ்ட், கதிர்வீச்சு அளவுகளைக் கணக்கிடுபவர். இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனையிலும் இருப்பார்கள். இவர் வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் மூலம் கிடைத்தார். மெஷின் காட்டும் எண் 32 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளையில் அளந்தது. ஒல்லியான உடம்பில் கதிர் குறைவாகத் தேய்வதால் உள்ளே போகும் அளவு கூடும். என் வயிற்றின் குறுக்களவு படத்திலேயே அளந்து பார்த்ததில் 25 செ.மீ.; அதற்குப் பெருக்கும் எண் கிட்டத்தட்ட 1.5. ஆக 10 முதல் 11 மில்லிகிரே. அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. மொத்தம் பதினைந்து நிமிடம்.

ஐ.சி.ஆர்.பி. என்னும் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000-இல் வெளியிட்ட 84-ஆம் அறிக்கை தெளிவாகச் சொல்கிறது: 100 மில்லிகிரேக்குக் கீழே பட்டதைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை. மூத்த டாக்டர்கள் சிலர் இன்னமும் "ராட்" என்று பேசுவார்கள். 1 ராட் என்பது 10 மில்லிகிரே, அவர்கள் சொல்லும் "அஞ்சு ராட்" 50 மில்லிகிரே. பிறவிக் குறையில்லாமல் பிறக்க வாய்ப்பு கதிர்வீச்சே படாவிட்டாலும் 97 சதவீதம்தான். 10 மில்லிகிரே பட்டாலும் அதே 97. பத்தொன்பது வயதுக்குள் புற்றுநோய் வராமலிருக்கும் வாய்ப்பு 99.7 சதவீதத்திலிருந்து 99.6 ஆகிறது. ஆபத்து பூஜ்யம் என்று அந்த ஃபிசிசிஸ்ட் சொல்லவில்லை, அதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. "ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்கம்மா" என்று சொன்ன இன்னொரு டாக்டரை நான் நம்பவே இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஃபிசிசிஸ்ட் சொன்னார். 1950-களில் இங்கிலாந்தில் வயிற்றுப் பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கக்கூட எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் கண்டுபிடித்தார். அல்ட்ராசவுண்ட் வந்ததும் அந்தப் பழக்கம் ஒழிந்தது.

இப்போது நான் செய்த உண்மையான தப்பு. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற குழப்பத்தில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையே ஆரம்பிக்கவில்லை. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடுவது கரு உருவான 28 நாளுக்குள், அதாவது மாதவிலக்குக் கணக்கில் ஆறாவது வாரம் முடிவதற்குள். அது சரியாக மூடத்தான் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். நான் முதல் மாத்திரையை விழுங்கியது ஏழாம் வாரம். 11 மில்லிகிரேக்காக அழுதுகொண்டிருந்தவள், சில ரூபாய் மாத்திரையைத் தவறவிட்டேன். முடிவு எதுவானாலும், முடிவெடுக்கும் வரைக்கும் ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசமாகப் போயிருக்கும். ஐந்தரை வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது, ஒரு பக்கம் இழுத்த மாதிரி வலி. "ஏற்கெனவே ஒரு ஸ்கேன் போதும், இன்னொண்ணு வேண்டாம்" என்று மாமியார் சொன்னதும் எனக்கும் சரி என்றே பட்டது. பதினோரு நாள் தள்ளிப்போட்டேன். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. அது நம் காதுக்குக் கேட்காத ஒலி. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் ஆரம்ப அறிகுறியே ஒரு பக்க வலியும் ரத்தக்கசிவும்தான். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, தோள்பட்டை வலி, மயக்கம் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. எனக்குக் கரு உள்ளேதான் இருந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை.

அல்ட்ராசவுண்டுக்கும் நேரம் உண்டு. வலியோ ரத்தமோ இல்லையென்றால் ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் போதும். ஐந்தாம் வாரத்தில் ஓடினால் பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது, "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்பார்கள், அந்த வாரம் முழுக்க உறக்கம் போகும். கரு 7 மி.மீ. வளர்ந்த பிறகும் துடிப்பு இல்லையென்றால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குமுன் யாராவது "துடிப்பில்லை, சுத்தம் பண்ணிடலாம்" என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு இடத்தில் பாருங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனால் கரு கலையாது. அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், வயிற்றின் மேல் எடுப்பதற்குத்தான் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று: துடிப்பின் சத்தத்தைக் கேட்கவைக்க டாப்ளர் போடுவார்கள். அது ஒலியின் சக்தியை ஒரே புள்ளியில் குவிக்கும், அந்த இடம் சூடாகும். துடிப்பை எண்ண எம்-மோட் என்ற கோட்டுப்படமே போதும். திரையின் ஓரத்தில் சூட்டைக் குறிக்கும் டி.ஐ. என்று ஓர் எண் ஓடும், அது 0.7-க்குள் இருப்பது நல்லது. "சத்தம் வேண்டாம் டாக்டர், எம்-மோட்ல பாத்தாப் போதும்" என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். ஆன்லைனில் விற்கும் வீட்டு டாப்ளர் கருவியை வாங்காதீர்கள். ஸ்கேனுக்கு முன் ஃபார்ம் எஃப் என்ற படிவத்தில் கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கர்ப்பிணிகளிடமும் வாங்குவது, பயப்பட ஒன்றுமில்லை.

எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை, முதல் மூன்று மாதத்திலும் தேவையென்றால் எடுக்கலாம். ஆனால் காடோலினியம் என்ற டை ஊசி வேண்டாம்; கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு, வெறும் எம்.ஆர்.ஐ.யால் பாதகம் காணவில்லை, காடோலினியம் போட்டவர்களிடம் கண்டது. தைராய்டு சிகிச்சைக்குத் தரும் ரேடியோ அயோடின் முற்றிலும் வேறு கதை. அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையே அழிக்கும். மேலே சொன்ன தைரியத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் கருக்குழாய் எக்ஸ்ரேயை மாதவிலக்கு முடிந்ததும், பத்தாம் நாளுக்குள் வைத்துக்கொள்வது, தெரியாமல் இருக்கும் கர்ப்பத்தின் மேல் எக்ஸ்ரே பட்டுவிடக் கூடாது என்பதால்தான். ஈய ஏப்ரன் கேட்டுச் சண்டை போடுவதிலும் பெரிய பயனில்லை. தூரத்துப் பகுதிக்கு எடுக்கும்போது கருவுக்கு வருவது உடம்புக்குள்ளேயே சிதறி வருவது, ஏப்ரன் அதைத் தடுக்காது. வயிற்று சி.டி.யில் அது குறுக்கே வந்தால் மெஷின் தானாகக் கதிரைக் கூட்டிவிடவும்கூடும். பெங்களூரு மெட்ரோவில் நுழையும்போது பயந்து ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் நுழைவது வெறும் உலோகச் சோதனை வாசல்; எக்ஸ்ரே ஓடுவது பை போகும் பெட்டிக்குள்.

இனிமேல் யாருக்காவது கல் வலி என்றால் நான் சொல்வது: முதலில் அல்ட்ராசவுண்ட், சிறுநீர் பரிசோதனை. அதில் தெரியாவிட்டால் "லோ டோஸ் சி.டி." என்று பேர் சொல்லிக் கேளுங்கள், கல்லைப் பார்க்கப் படம் அத்தனை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. டெக்னீஷியன் கேட்கும்போது ஆமாம், இல்லை என்று சொல்லாமல் கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல்லுங்கள். அன்று நான் கிட் வைத்துப் பார்த்திருந்தாலும் ஒரு கோடுதான் வந்திருக்கும், நாள் தள்ளாமல் அது நம்பகமில்லை. அதேசமயம் அவசரத்துக்குத் தேவையான ஸ்கேனைக் கர்ப்பம் என்பதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. குடல்வால் வெடிப்பதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோகும்.

செலவுக் கணக்கு: மூன்று டாக்டர்கள் 3,100, ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை மூன்று தடவை 2,250, கதிர்வீச்சுக்குச் சம்பந்தமே இல்லாத, தொற்றுகளைப் பார்க்கும் டார்ச் பரிசோதனை 3,800, குறுந்தட்டு 300, ஆட்டோவும் கேபும் 2,600. மொத்தம் 12,050 ரூபாய், அதற்குமேல் ஆறு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு. இதில் உருப்படியானது அந்த 300 மட்டுமே.

ஏழு வாரம் மூன்று நாளில் துடிப்பைப் பார்த்தோம், எம்-மோட் கோட்டில். பன்னிரண்டாம் வார ஸ்கேனுக்குப் போனபோது ஃபைலைப் புரட்டிய டாக்டர் ஃபிசிசிஸ்ட்டின் தாளில் நின்றார். "சி.டி.யா?" என்றார். "25-ஆம் நாள், சுமார் 11 மில்லிகிரே" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி, ஹீமோகுளோபின் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கேட்டார்.